பின்மூடி திறக்கும் போன்களை இறக்குங்கள்: கைத்தொலைபேசி இறக்குமதியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மொத்தமாக இறக்குபவர்களுக்கும், வெள்ளவத்தை காலி வீதியிலும் எங்கள் வத்தளை நீர்கொழும்பு வீதியிலும் கண்ணாடி அலுமாரிகளில் போன்களை அடுக்கி விற்பவர்களுக்கும், பெரிய கொம்பனிகளின் உள்ளூர் முகவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். போனை வடிவமைப்பது கலிபோர்னியாவிலோ சியோலிலோ இருக்கலாம். ஆனால் கொள்கலனில் எதை ஏற்றச் சொல்லி நீங்கள் ஓடர் கொடுக்கிறீர்களோ அதுதான் எங்கள் கைக்கு வருகிறது. அதனால்தான் கடிதம் உங்கள் பெயருக்கு.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கியவரே பற்றரியைக் கழற்றி மாற்றக்கூடிய போன்களுக்கு இனி உங்கள் ஓடர்களில் முதலிடம் கொடுங்கள். அது முடியாத மொடல்களை இறக்கத்தான் வேண்டுமென்றால், அவற்றின் அசல் பற்றரிகளையும் கூடவே இறக்குங்கள்.

பற்றரி தேய்கிற பொருள். த்ரீவீலுக்கு டயர் எப்படியோ போனுக்குப் பற்றரி அப்படி. டயர் தேய்ந்ததற்காக யாரும் த்ரீவீலை விற்பதில்லை, டயரைச் சில்லோடு சேர்த்துப் பசை போட்டு ஒட்டி விற்ற கொம்பனியும் இல்லை. லிதியம் அயன் பற்றரி ஒவ்வொரு தடவை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் உள்ளே இருக்கும் லிதியத்தில் ஒரு சிறு பங்கு கிராபைட்டின் மேல் படியும் படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. சிக்கியது மீண்டும் வேலைக்கு வராது. இதில் யாருடைய பாவனைக் குறையும் இல்லை, அந்த இரசாயனம் அப்படித்தான். வெப்பம் இதை விரைவாக்கும். முழுச் சார்ஜில் வைத்துக்கொண்டே சூடாக்கினால் இன்னும் மோசம். உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகும், மெல்லிய பை ஊதும், ஒரு நாள் பார்த்தால் திரை ஒரு பக்கம் எழும்பி நிற்கும்.

ஹெந்தளைச் சந்தியில் நிற்கும் த்ரீவீல்களில் ஏதாவது ஒன்றை எட்டிப் பாருங்கள். முன்கண்ணாடியோடு ஒட்டிய பிடியில் போன், அதன் முதுகில் நேரடி வெயில். வரைபடம் ஓடுகிறது, டேட்டா ஓடுகிறது, கீழிருந்து சார்ஜர் வயர் ஏறுகிறது. காலையில் நூறு வீதத்துக்கு ஏறிய பற்றரி இரவு வண்டியை வீட்டுக்கு விடும்வரை நூறிலேயே நிற்கிறது. போனைச் சுற்றியுள்ள வெப்பநிலை 35 பாகைக்கு மேற்படக் கூடாது என்று ஆப்பிள் தன் பாவனைக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறது. ஏப்ரல் வெயிலில் நிறுத்திய வண்டியின் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கணக்குக் காலையிலேயே தோற்றுவிடும். பிக்மீ செயலியில் வண்டி ஓடும் தம்பிமாருக்குப் போன்தான் தொழில். அவர்களுடைய பற்றரி சுவீடனில் வாழும் பற்றரியின் ஆயுளை வாழப் போவதில்லை.

இன்னொரு பக்கம், போனின் மற்ற உறுப்புகளின் ஆயுள் கூடிக்கொண்டே போகிறது. 2023 ஒக்டோபரில் பிக்சல் 8 வந்தபோது ஏழு வருடத்துக்கு மென்பொருள் புதுப்பிப்புத் தருவதாகக் கூகுள் சொன்னது. 2024 ஜனவரியில் எஸ்24 வரிசையோடு சம்சுங்கும் அதே ஏழு வருடத்தைச் சொன்னது. நல்ல விசயம். உங்கள் விளம்பரப் பலகைகளிலும் அந்த ஏழைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். பற்றரிக்கு எத்தனை வருடம் என்று எந்தப் பலகையிலும் இல்லை. ஆயிரம் முழுச் சார்ஜ் சுற்றுகளைத் தாங்கும் நல்ல பற்றரியாகவே இருக்கட்டும். நாளுக்கு ஒரு சுற்று என்றால் இரண்டு வருடம் ஒன்பது மாதத்தில் கணக்கு முடிகிறது. அப்படியானால் ஏழு வருடப் போனுக்குப் பற்றரியை இரண்டு தடவையாவது மாற்றியாக வேண்டும். மாற்றலாமா கூடாதா என்ற வாதத்துக்கே இங்கே இடமில்லை. யார் மாற்றுவது, எதைக் கொண்டு மாற்றுவது, எவ்வளவுக்கு மாற்றுவது, இவைதான் மிச்சமிருக்கும் கேள்விகள்.

எவ்வளவுக்கு என்பதில் இந்த ஊர்க்காரருக்குக் கூடுதல் வலி இருக்கிறது. 2022இன் தொடக்கத்தில் இருநூறு ரூபாவளவில் இருந்த டொலர் அந்த மே மாதத்தில் முந்நூற்றறுபதைத் தொட்டது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாகி, அதுவரை விலக்குப் பெற்றிருந்த போன்களும் வரிக்குள் வந்தன. 2025 ஏப்ரலில் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 27,000 ரூபாவாகக் கூட்டப்பட்டது. ஒரு நடுத்தரப் போன் அந்தச் சம்பளத்தில் இரண்டு, மூன்று மாதத்தை விழுங்கும். அவ்வளவு கொடுத்து வாங்கிய ஒன்றை, அதற்குள் இருக்கும் சில ஆயிரம் ரூபாப் பொருள் தேய்ந்தது என்பதற்காகத் தூக்கி வைப்பது பணக்கார நாடுகளில் ஒரு கெட்ட பழக்கமாக இருக்கலாம். இங்கே அது வீட்டுக் கணக்கில் விழும் ஓட்டை.

நோக்கியா காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உங்களில் பலர் அந்தப் போன்களை விற்றுத்தான் கடையே எடுத்தீர்கள். பாக்கு நீரிணைக்கு அப்பால் ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை அவற்றைச் செய்யும் பெரிய ஆலை ஒன்றும் இருந்தது. அந்தப் போன்களில் ஓடிய பிஎல்-5சி பற்றரியை இப்போதும் புறக்கோட்டையில் வாங்கலாம். போன்கள் செத்துப் போயின, பற்றரி மட்டும் சின்ன எப்எம் ரேடியோக்களிலும் ஒலிபெருக்கிகளிலும் குடியேறி உயிரோடு இருக்கிறது. ஒரே அளவு, ஒரே முனை, நகத்தால் கழற்றலாம்.

அந்தப் பற்றரிக்கும் ஒரு கெட்ட காலம் வந்தது. 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையில் மட்சுஷிட்டா கொம்பனி செய்து கொடுத்த பிஎல்-5சிகளில் சில, சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகின. 2007 ஓகஸ்டில் நோக்கியா எச்சரிக்கை விட்டது. சந்தேகத்துக்குரிய பற்றரிகளின் தொகை 4 கோடி 60 இலட்சம். மக்கள் என்ன செய்தார்கள்? பின்மூடியைக் கழற்றிப் பற்றரியில் அச்சிட்ட இலக்கத்தைப் பார்த்தார்கள். சிக்கலான இலக்கம் என்றால் பற்றரியைக் கொடுத்துவிட்டு வேறொன்றை இலவசமாக வாங்கிக்கொண்டார்கள். போன் அவர்களிடமே இருந்தது.

ஒன்பது வருடம் கழித்து, 2016 ஓகஸ்டில், சம்சுங் நோட் 7 வந்தது. பற்றரி தீப்பிடித்தது. செப்டம்பர் 2ஆம் திகதி திரும்ப அழைத்தார்கள், மாற்றிக் கொடுத்த போன்களும் எரிந்தன, ஒக்டோபர் 11ஆம் திகதி அந்த மொடலையே நிறுத்திவிட்டார்கள். விசாரித்ததில் இரண்டு வழங்குநர்களின் பற்றரியிலும் இரண்டு வேறு குறைகள் இருந்தது தெரிந்தது. குறை பற்றரியில், ஆனால் பற்றரி ஒட்டியிருந்ததால் குப்பைக்குப் போனது முழுப் போன். பின்மூடி திறக்கும் போனாக இருந்திருந்தால் சம்சுங் அன்று இழந்த காசில் எத்தனை பங்கு மிஞ்சியிருக்கும் என்று வியாபாரிகளான நீங்கள்தான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

அப்படியிருந்தும் ஏன் ஒட்டுகிறார்கள்? மெல்லிசாக வரும், உள்ளே இடம் மிச்சம், கண்ணாடி முதுகு அழகு, தண்ணீர் புகாது என்று காரணங்கள் சொல்கிறார்கள். சிலவற்றில் உண்மை உண்டு. கழற்றும் பற்றரிக்குக் கெட்டியான பிளாஸ்டிக் உறை வேண்டும், அது கொஞ்சம் தடிப்பைக் கூட்டும். ஆனால் யாரும் உரக்கச் சொல்லாத காரணம் ஒன்று 2019 ஜனவரியில் வெளியில் வந்தது. அதற்கு முன்கதை தெரியும்தானே. பழைய பற்றரி உள்ள ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. கோபத்தைத் தணிக்க, 79 டொலராக இருந்த பற்றரி மாற்றும் கட்டணத்தை 2018 முழுவதும் 29 டொலராக்கியது. மறு ஜனவரியில் வருமானம் எதிர்பார்த்ததை விடக் குறையும் என்று முதலீட்டாளர்களுக்கு ஆப்பிளின் தலைமை அதிகாரியாக இருந்த டிம் குக் எழுதிய கடிதத்தில், மலிவு விலையில் பற்றரி மாற்றிக்கொண்டவர்கள் புதுப் போன் வாங்காததையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டார். பற்றரியை மாற்ற விட்டால் போன் விற்பது குறையும் என்பதற்கு இதைவிட நேரான வாக்குமூலம் வேறு வேண்டுமா?

உங்களுக்கும் அதே பயம் இருக்கும். நியாயம்தான், நீங்களும் கடை வாடகை கட்ட வேண்டும். ஆனால் ஆப்பிளின் வாடிக்கையாளர் பற்றரி மாற்றாவிட்டால் அடுத்த ஐபோனை வாங்குவார். எங்கள் ஆட்கள் மாற்றாவிட்டால் சார்ஜரைக் காவிக்கொண்டு திரிவார்கள், பிறகு லண்டனில் இருக்கும் மச்சானிடம் பழையது ஒன்று அனுப்பச் சொல்வார்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எத்தனை வீட்டுப் போன்கள் ரொறன்ரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் பெட்டிக்குள் வந்தவை என்பது உங்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும். உங்களிடம் வர வேண்டிய வியாபாரம் அந்தப் பெட்டிக்குள் போகிறது. அசல் பற்றரியை அலுமாரியில் வைத்து நேர்மையான விலைக்கு விற்றால், ஏழு வருடத்தில் இரண்டு தடவை அதே வாடிக்கையாளர் உங்கள் படியேறுவார். வந்தவர் கவரோ சார்ஜரோ வாங்காமல் போவாரா?

ஒட்டிய பற்றரியை மாற்றுவது எப்படியிருக்கும் என்று விற்பவர்கள் ஒரு தடவை திருத்தும் கடையில் நின்று பார்க்க வேண்டும். நான் நின்று பார்த்தேன். நீர்கொழும்பு வீதியில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத சிறிய கடை. போனைக் கொடுத்ததுமே அந்தத் தம்பி, "அன்ரி, திறக்கேக்க டிஸ்ப்ளேக்கோ பின்கண்ணாடிக்கோ ஏதும் நடந்தா நான் பொறுப்பில்ல, முதல்லயே சொல்லிட்டன்" என்றார். பிறகு போனைச் சூட்டுத் தட்டில் கிடத்தினார். பசை இளகும்வரை காத்திருந்து, உறிஞ்சும் கிண்ணம் ஒன்றை முதுகில் அமத்தி இழுத்து, விழுந்த மயிரளவு இடைவெளியில் கித்தார் மீட்டும் பிளாஸ்டிக் துண்டைச் செருகி நாலு பக்கமும் மெல்ல மெல்ல ஓட்டினார். மூச்சைக்கூட அளந்துதான் விட்டார். மூடி வந்தது. ஸ்குரூக்கள், அதற்குக் கீழே தகடு, தகட்டுக்குக் கீழே கடதாசி மாதிரி ஒரு நாடா. பற்றரியை இழுக்கவென்று கொம்பனி வைத்திருந்த வால் பாதியில் அறுந்தது. அவர் ஆச்சரியப்படவில்லை. பற்றரிக்கு அடியில் அல்ககோல் ஊற்றி ஊற விட்டு, ஒரு பழைய ரிலோட் அட்டையால் கிளப்பினார். ஊதியிருந்த பற்றரி வளைந்துகொண்டே வெளியில் வந்தபோது பின்வாங்கியவள் நான்தான், அவர் அசையவில்லை.

கைவேலை அருமை. ஆனால் உள்ளே போட்ட பற்றரி எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியாது. மேலே கொம்பனிப் பெயர் இருந்தது, கொள்ளளவு அச்சிட்டிருந்தது, அசல் என்றும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. "கொம்பனிச் சாமான் இஞ்ச வராது அன்ரி, வாறதில நல்லதாப் பார்த்துத்தான் போடுறன்" என்றார். கொம்பனிச் சாமான் ஏன் இங்கே வராது? இந்தக் கேள்வியை அந்தத் தம்பியிடம் கேட்டுப் பயனில்லை, அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

தண்ணீர் விசயத்துக்கும் அந்த மேசையிலேயே பதில் இருக்கிறது. ஒட்டிய போன் நீர் புகாதது என்ற பெருமை முதல் தடவை மூடியைக் கிளப்பும்வரைதான். தொழிற்சாலைப் பசை போய், கடைப் பசை வந்த பிறகு அந்தப் பெருமையை நம்பிப் போனை மழையில் காட்ட முடியாது. பற்றரி மாற்றியாக வேண்டும் என்பது நிச்சயமென்றால், இரண்டரை, மூன்று வருடத்துக்குப் பிறகு ஒட்டிய போனுக்கு நீர்க்காப்பு இல்லை என்பதும் ஏறக்குறைய நிச்சயம். திறக்கும் மூடிக்கு இரப்பர் விளிம்பு வைத்து நீரைத் தடுக்கலாம் என்பதைச் சம்சுங்கே 2014இல் எஸ்5இல் காட்டியது. நகத்தால் திறக்கும் முதுகு, உள்ளே கழற்றும் பற்றரி, ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்கும் தரம். மறு வருடம் எஸ்6இல் அந்த முதுகை ஒட்டிவிட்டார்கள். ஆனால் தொழில்துறைக்கென்று செய்யும் எக்ஸ்கவர் வரிசையில் அதே சம்சுங் இன்றும் கழற்றும் பற்றரியோடு நீர்க்காப்பும் கொடுக்கிறது. தொழிற்சாலைக்காரருக்குக் கொடுக்க முடிந்ததை மாபோலைச் சந்தை மீன் வியாபாரிக்குக் கொடுக்க முடியாதா?

வத்தளைக்காரிக்கு நீர்க்காப்பின் அருமையைச் சொல்லித் தரத் தேவையில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகி எங்கள் பக்கத் தெருக்களுக்குள் ஏறியது. அந்த நாட்களில் போன் நனையாமல் இருப்பது எவ்வளவு முக்கியமோ, அதில் சார்ஜ் இருப்பதும் அவ்வளவு முக்கியம். கரண்ட் இல்லை. மேல்மாடியில் ஒதுங்கியவர்கள் படகு கூப்பிடக்கூட சார்ஜில் மிஞ்சிய ஒரே ஒரு கோட்டை வைத்துக்கொண்டு போனை அணைத்து அணைத்துப் போட்டார்கள். பவர் பேங்க் இருந்த வீட்டில் அதுவும் இரண்டாம் நாளே காலி. முழுச் சார்ஜோடு உலர்ந்த பையில் கிடக்கும் உபரிப் பற்றரி ஒன்று அன்று செய்திருக்கக்கூடிய வேலையை நினைத்துப் பாருங்கள். அதற்கும் முன்னால், 2022 மார்ச் கடைசியில், நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு வைத்த நாடு இது. கையில் ஒரு பற்றரி கூடுதலாக இருப்பது இங்கே அவசரகாலச் சாமான்.

மறுபக்கத்தில் நான் முழுதாக ஏற்கும் வாதம் ஒன்று உண்டு. திருடன். பற்றரி கழன்றால் போனை எடுத்தவன் நொடியில் அதை ஊமையாக்கிவிடுவான், இருக்கும் இடத்தைத் தேட முடியாது. உண்மைதான். ஆனால் புறக்கோட்டை பஸ்ஸில் போனைப் பறிகொடுத்தவர்களில் வரைபடத்தைப் பார்த்துப் போய் மீட்டவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

போலிப் பற்றரி வெடிக்கும் என்ற வாதத்தை மட்டும் தயவுசெய்து நீங்கள் சொல்லாதீர்கள். அசல் இல்லாத இடத்தில்தான் போலி வியாபாரம் நடக்கிறது. அசலை இறக்க வேண்டியவர்கள் நீங்கள்.

இனி ஐரோப்பாவுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் அடுத்த சில வருட ஓடர்கள் அங்கே தீர்மானமாகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் பற்றரி ஒழுங்குவிதி 2023இல் வந்தது. அதில் கையடக்கச் சாதனங்களின் பற்றரியைப் பாவனையாளரே எளிதில் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற பிரிவு 2027 பெப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. எளிதில் என்பதற்கு அவர்கள் கொடுக்கும் விளக்கம்தான் எனக்குப் பிடித்தது. சாதாரணக் கடையில் கிடைக்கும் கருவி போதும், சிறப்புக் கருவி வேண்டுமென்றால் அதைச் சாதனத்தோடு இலவசமாகக் கொடுக்க வேண்டும், திறக்கச் சூடும் கூடாது, கரைப்பானும் கூடாது. எங்கள் தம்பியின் சூட்டுத் தட்டையும் அல்ககோல் போத்தலையும் பார்த்து எழுதின மாதிரி இருக்கிறது. அந்த மொடலின் விற்பனை முடிந்து ஐந்து வருடம் வரை மாற்றுப் பற்றரி நியாயமான விலையில் கிடைக்க வேண்டும் என்றும், மென்பொருளை வைத்து வேறு பற்றரியைத் தடுக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

போன்களுக்கும் டெப்லட்டுகளுக்கும் தனி விதி ஒன்று ஏற்கெனவே, 2025 ஜூன் 20 முதல், அங்கே ஓடுகிறது. 800 சுற்றுக்குப் பிறகும் பற்றரியில் 80 வீதம் மிஞ்ச வேண்டும், உதிரிப்பாகங்கள் விற்பனை நின்று ஏழு வருடம் வரை கிடைக்க வேண்டும். ஒவ்வொரு போனோடும் ஒரு சிட்டை வரும். அதில் பற்றரி எத்தனை சுற்றுத் தாங்கும், திருத்துவது எவ்வளவு எளிது என்று எழுத்தால் தரம் போட்டிருக்கும்.

இந்த விதிக்கு ஒரு பின்கதவும் உண்டு, அதை மறைத்து எழுதினால் இந்த மடல் விளம்பரமாகிவிடும். 500 சுற்றில் 83 வீதமும் 1000 சுற்றில் 80 வீதமும் தாங்கி, தூசும் நீரும் புகாத தரத்தில் இருந்தால், அந்தப் போனின் பற்றரியைப் பாவனையாளர் மாற்றக்கூடியதாக வைக்க வேண்டியதில்லை, திருத்துநர் மாற்றினால் போதும். விலை கூடிய போன்களைச் செய்பவர்கள் அந்தக் கதவால்தான் நுழைவார்கள். ஆய்வுகூடத்தின் இதமான வெப்பத்தில் எண்ணிய ஆயிரம் சுற்று, ஹெந்தளைச் சந்தி முன்கண்ணாடியில் எவ்வளவாகும்? ஐரோப்பியச் சட்டம் எங்கள் வெயிலுக்கு எழுதினதல்ல. எங்களுக்காகக் கேட்க வேண்டியதை எங்களுக்குப் போன் இறக்குபவர்கள்தான் கேட்க வேண்டும்.

சட்டம் வந்தால் பொறியியலாளர்களுக்கு வழி தெரியும் என்பதற்கு 2024இன் ஐபோன் 16ஐப் பாருங்கள். அதில் சில மொடல்களின் பற்றரி ஒட்டும் பசைக்குச் சிறிய மின்னோட்டம் கொடுத்தால் பிடி விட்டுவிடும். பதினேழு வருடமாக முடியாது என்றிருந்தது ஒன்பது வோல்ட் பற்றரியால் முடிகிறது. நெதர்லாந்தின் பெயார்போன் (Fairphone) நிறுவனமோ கழற்றும் பற்றரியோடு ஐந்து வருட உத்தரவாதம் கொடுத்தே விற்கிறது. அது இங்கே அலுமாரிகளில் இல்லை, கேட்டால் பெயரையே தெரியாது என்கிறீர்கள்.

என் பயம் வேறு. விதி ஓடும் நாடுகளுக்குத் திறக்கும் வடிவமும், விதி இல்லாத நாடுகளுக்கு மிஞ்சிய ஒட்டிய வடிவமும் என்று கொம்பனிகள் பிரித்துவிட்டால், கழிவு விலையில் பின்னது உங்கள் வாசலுக்குத்தான் முதலில் வரும். விலைப்பட்டியலில் சில டொலர் குறைந்திருக்கும். அந்தச் சில டொலரைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பார்த்தால் பெட்டியின் மேலாவது எழுதிப் போடுங்கள் என்று கேட்க உரிமை உண்டு. ஐரோப்பாவில் போனோடு வரும் அதே சிட்டையை இங்கும் ஒட்டுங்கள். அதற்கு வர்த்தமானி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் போன் இறக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும், 1909க்கு ஐஎம்இஐ இலக்கத்தை அனுப்பிப் பார்க்க நாங்களும் பழகிவிட்டோம். அந்த ஆணைக்குழுவும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையும் நாளைக்கு இதைக் கட்டாயமாக்கலாம். அதற்கு முன்னால் நீங்களே செய்தால் பெயர் உங்களுக்கு.

உங்கள் சிரமமும் எனக்குத் தெரியாமலில்லை. தனியாக வரும் லிதியம் பற்றரி ஆபத்தான சரக்கு. 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானத்தில் அதைச் சரக்காக ஏற்ற முடியாது. சரக்கு விமானத்திலும் முப்பது வீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. கடிதங்களும் சான்றிதழ்களும் கூடுதல். ஆனால் கொழும்பில் ஒரு துறைமுகம் இருக்கிறது. போன்கள் வரும் பாதையிலேயே பற்றரியும் வரலாம், கொஞ்சம் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். நூறு போனுக்கு முதல் வருடம் பற்றரி தேவையே இல்லை, மூன்றாம் வருடம்தான் கேட்பு வரும். ஆனால் பற்றரி அலுமாரியில் கிடந்தும் மூப்படையும் பொருள், அதனால் மொத்தமாக இன்றே இறக்கி வைக்கச் சொல்லவில்லை. மொடல் பழையதானாலும் கொம்பனியோடு அந்த ஓடர் வரியை மூடிவிடாதீர்கள்.

மென்பொருள் பூட்டு என்று ஒரு புதுத் தொல்லையும் இருக்கிறது. பற்றரியை மாற்றியதும் இது அசலா என்று உறுதிப்படுத்த முடியவில்லை என்று போனே திரையில் குறை சொல்லும். 2018க்குப் பிந்திய ஐபோன்களில் இதைப் பார்க்கலாம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் இப்படி உதிரிப்பாகங்களைப் பூட்டுவதற்கு எதிராக 2024இல் சட்டம் போட்டது. இந்தியா 2022 டிசம்பரில் திருத்தும் உரிமைக்கென்று ஓர் அரச இணையத்தளமே தொடங்கியது. இங்கே எந்தெந்த மொடல் பூட்டும், எது பூட்டாது என்று விற்கும்போதே வாய்விட்டுச் சொன்னால் போதும்.

திருத்தும் கடைத் தம்பிமார் இந்த மடலைப் படித்தால் தங்கள் பிழைப்பில் மண் போடுகிறேன் என்று நினைக்கலாம். பற்றரியோடு அவர்கள் வேலை நின்றுவிடாது. டிஸ்ப்ளே உடைவதும், சார்ஜ் துவாரம் துருப்பிடிப்பதும், வெள்ளத்தில் நனைந்த போர்டைக் காய வைத்துக் கழுவுவதும் இந்த ஊரில் குறையப் போவதில்லை. ஊதிய பற்றரியை நகக் கண்ணால் கிளப்பும் ஆபத்தான வேலை மட்டும்தான் அவர்களிடமிருந்து குறையும். அவர்களுக்கும் அசல் பாகம் உங்களிடமிருந்து மொத்த விலையில் கிடைத்தால் இன்று தலை குனிந்து சொல்லும் "கொம்பனிச் சாமான் வராது" என்ற பேச்சுக்கு வேலையிருக்காது.

கடைசியாக, பழைய பற்றரிகள். மாற்றியது எங்கே போகிறது? அந்தக் கடையில் கழற்றிய பற்றரி மேசைக்குக் கீழே இருந்த காட்போட் பெட்டிக்குள் விழுந்தது, அங்கே அதற்கு முன்பே நிறையச் சகோதரங்கள். பெட்டி நிறைந்ததும் குப்பையோடு. எங்கள் வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் கெரவலப்பிட்டி இருக்கிறது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து உயிர்களைக் கொண்டுபோன பிறகு கொழும்பின் குப்பை இந்தப் பக்கம் திரும்பியது. 2021 முதல் நாளுக்கு நூற்றுக்கணக்கான தொன் குப்பையை எரித்து பத்து மெகாவோட் மின்சாரம் எடுக்கும் நிலையம் அங்கே ஓடுகிறது. குப்பை லொறியின் அழுத்தும் பலகைக்குள் ஒரு லிதியம் பற்றரி நசுங்கினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை, நோட் 7இன் கதை உங்களுக்குத் தெரியும்.

ஒவ்வொரு கடையிலும் பழைய பற்றரிக்கு உலோகப் பெட்டி ஒன்று வையுங்கள், அடியில் மணல் போட்டு. கொண்டு வந்து கொடுப்பவருக்குப் புதுப் பற்றரியில் நூறு ரூபாவாவது கழியுங்கள். சேர்ந்ததை மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடம் கொடுங்கள். அந்தப் பெட்டியை வைக்கும் முதல் கடை நீர்கொழும்பு வீதியில் இருந்தால், என் வீட்டு மேசை லாச்சியில் கிடக்கும் நாலு பற்றரியோடு மறுநாளே வருகிறேன்.

இப்படிக்கு,
வத்தளையிலிருந்து ஒரு பாவனையாளர்